கைத்தொழில் பகுதி: சூளையிறங்கிய வெள்ளியும் அதன் வெண்மையும்

சென்ற இதழில் வெள்ளிக்களியைப் பிசைந்து உருவமைத்தல், உலர்த்துதல், சூளையிடுதல் ஆகியவற்றைக் கூறி நிறுத்தியிருந்தோம். சூளையிலிருந்து எடுக்கப்பெற்ற பண்டம் பார்வைக்கு வெள்ளியாகவே தோன்றாது. சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல ஒளியின்றி வெளேரென்று இருக்கும். முதன்முதலாக இத்தொழிலில் இறங்குவோர் அதனைக் கண்டு மனம் சோர்ந்துபோவது இயல்பே. மேலே சாம்பல் படிந்துவிட்டது என்றெண்ணிக் கத்தியாலும் அரத்தாலும் சுரண்டத் தொடங்குவோர் உண்டு. இரண்டு நாள் இருந்து செதுக்கிய இலை நரம்பும் பூவிதழும் அரைமணி நேரத்தில் மழுங்கிப் போவதற்கு இதனைவிட உறுதியான வழி வேறில்லை. அவ்வெண்மை அழுக்கன்று, அதுவே வெள்ளி. இக்கிழமை நாம் சொல்ல வந்ததில் முதன்மையானது இதுதான்.

வெள்ளிக்களி என்பது 1990ஆம் ஆண்டளவில் ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டது. மாவினும் நுண்ணிய வெள்ளித் துகளும், அவற்றை ஒட்டிவைக்கும் தாவரப் பசையும், நீரும் சேர்ந்ததே களி. சூளையில் நீரும் பசையும் எரிந்தகல, துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. வெள்ளி உருகுவதற்கு 962 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். களியோ அதன் வகைக்கேற்ப 600 முதல் 900 பாகைக்குள் வெந்துவிடும். உருகாமல் பற்றியமையால் மேற்பரப்பு சமமாக இராது. கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன்மீது விழும் ஒளி ஒரு திசையில் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சிதறுவதாலேயே வெண்மை தோன்றுகிறது. கற்கண்டு தெளிவாயிருப்பதையும், அதனையே இடித்துப் பொடியாக்கினால் வெண்மையாகிவிடுவதையும் அடுக்களையில் காணாதார் எவர்? இடித்ததனால் கற்கண்டில் வேறு பொருள் எதுவும் கலந்துவிடவில்லை. வெள்ளியின் செய்தியும் அத்தகையதே. எனவே இங்குச் செய்யவேண்டியது சுரண்டி நீக்குவதன்று; மேடுகளை அமுக்கிப் படியவைப்பதே.

நம் வாசகர்களுள் இரங்கூனில் வாழ்ந்தோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். மொகல் தெருவிலும் அதனைச் சுற்றிய தெருக்களிலும் (அத்தெருவுக்கு இன்று ஷ்வே போந்தா தெரு என்று பெயர்) தட்டார் வேலையைப் பார்த்து வளர்ந்தவர்கள், நெருப்பிலிருந்து எடுத்த வெள்ளி வெளுப்பதில்லை, கறுக்கவே செய்யும் என்பதை அறிவர். அதனைப் படிகார நீரிலோ புளிநீரிலோ காய்ச்சிய பிறகே வெள்ளை வரும். இவர்கள் கண்டது முற்றிலும் உண்மை. ஆனால் அது வேறு வெள்ளி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பர்மியக் கொல்லர்களும் நம் தட்டார்களும் பெரும்பாலும் இந்திய வெள்ளி ரூபாய் நாணயங்களையே உருக்கி வேலை செய்தனர். அந்நாணயத்தில் பன்னிரண்டில் பதினொரு பங்கே வெள்ளி. மீதி செம்பு முதலிய கலப்பு. நெருப்பில் கறுப்பது அச்செம்பே. புளியின் காடி மேற்பரப்பிலுள்ள கறுத்த செம்பைக் கரைத்துவிட, அடியில் நின்ற தூய வெள்ளி வெண்மையாய்த் தெரிகிறது. வெள்ளிக்களியில் வெந்து நிற்பதோ ஆயிரத்தில் 999 பங்கு தூய வெள்ளி. செம்பில்லாத இடத்தில் கறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆதலால் படிகாரமும் வேண்டாம், புளியும் வேண்டாம், தட்டார் பட்டறையில் காணப்படும் நைட்ரிக் அமிலத்தை வீட்டினுள் கொண்டுவரவே வேண்டாம்.

மெருகிடத் தொடங்குமுன் பண்டம் வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நன்று. பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தை எஃகுக் கரண்டியின் காம்பால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அவ்விடம் பளிச்சென்று மின்னினால் நல்லது. பொடியாக உதிர்ந்தாலோ, ஓரம் பிஸ்கட்டைப் போல ஒடிந்தாலோ வேக்காடு போதவில்லை. மீண்டும் சூளையில் வைக்கலாம். தூய வெள்ளியாதலால் மறுமுறை சுடுவதால் கேடில்லை. ஆனால் மெருகிட்ட பின்பு சுட்டால் வெண்மை மீண்டும் வந்துவிடும், உழைப்பு இரட்டிப்பாகும். இந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்வது அதனால்தான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வேண்டுவது மெல்லிய பித்தளைக் கம்பித் தூரிகை. எஃகுக் கம்பியாயின் மிக நுண்ணியதாக இருத்தல் வேண்டும். இரும்புச் சாமான் துரு நீக்கும் முரட்டுத் தூரிகை ஆகாது. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சிறிது சவர்க்காரத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத்தைவிடப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரைநீரே சிறந்தது என்பது நம் தட்டார்களின் கொள்கை. பொன்னாங்கொட்டை என்று சில ஊர்களில் வழங்குவதும் இதுவே. பர்மாவில் தலைமுழுகுவதற்குக் காய்ச்சும் தயோ கின்பூன் நீரில் கின்பூன் என்பது நம் சீயக்காய்தான். அதன் நுரையும் இதற்கு உதவும். நுரை எதற்கெனில், கம்பி வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் பித்தளை வெள்ளியில் ஒட்டி மஞ்சள் சாயல் படிந்துவிடும். நுரைநீரில் நனைத்து, கையழுத்தம் மிகாமல், வட்டமாகவும் குறுக்காகவும் தேய்த்தால் ஐந்து நிமிடத்திற்குள் வெண்மை தணிந்து, பட்டுத் துணியைப் போன்ற மென்மையான ஒளி தோன்றும். பலர் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். தவறில்லை. கோலமும் கொடியும் நிறைந்த வேலைப்பாட்டுக்கு இந்த மங்கலான ஒளியே அழகு என்பது எமது கருத்து. கண்ணாடிபோல் மின்னவேண்டும் என்ற ஆசையே பல நல்ல பதக்கங்களைக் கெடுத்திருக்கிறது.

தட்டையான பரப்புள்ள மோதிரம், வளையல், எழுத்துப் பதக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் மேலும் மெருகு வேண்டலாம். அதற்கு உப்புத்தாள். 400 எண்ணில் தொடங்கி 600, 1000, 1500, 2000 என்று ஏறவேண்டும். எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். நீர்படக்கூடிய கறுப்புத் தாளையே வாங்குங்கள். எப்போதும் நனைத்தே தேயுங்கள். உலர்த் தேய்ப்பில் எழும் வெள்ளித்தூள் மூச்சோடு உள்ளே போகும். ஓரறை வீட்டில் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றவேண்டும்: முதல் தாள் நெடுக்காக எனின் அடுத்தது குறுக்காக. முந்தைய தாளின் கீறல் முழுதும் மறைந்த பின்னரே அடுத்த தாளைத் தொடலாம். கீறல் மறைந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பரப்பு முழுவதும் மைப்பேனாவால் பூசிவிட்டுத் தேயுங்கள்; மை எங்கே எஞ்சியிருக்கிறதோ அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. அவசரப்பட்டு 400இலிருந்து 2000க்குத் தாவியவரின் மோதிரம் மின்னும், ஆனால் மின்னலுக்குள் கீறல் கீறலாகத் தெரியும். வாங்க வருபவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

தாள் வேலை முடிந்தபின் அமுக்கி மெருகிடல். தட்டார்கள் இதற்கெனத் தீட்டிய எஃகுக் கோலோ, அகேட் கல் பதித்த கோலோ வைத்திருப்பர். நமக்கு வழவழப்பான எஃகுக் கரண்டியின் முதுகு போதும். அதில் கீறல் இருத்தலாகாது, இருந்தால் அக்கீறல் வெள்ளியில் பதியும். நுரைநீரில் தோய்த்து, ஓரங்களிலும் உயர்ந்த இடங்களிலும் ஒரே சீராக அழுத்தி இழுக்க வேண்டும். இங்கு வெள்ளி தேய்வதில்லை, படிகிறது. தூய வெள்ளி மிகவும் மெதுவானது. அழுத்துவதால் மேற்பரப்பு சற்றே இறுகுகிறது. நாளடைவில் விழும் சிறு கீறல்களைத் தாங்கவும் செய்கிறது. எஃகுக் குண்டுகளும் சவர்க்கார நீரும் இட்டு உருட்டும் சிறு பொறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிலர் கூடி ஒரு பொறியை வாங்கிப் பயன்படுத்தினால் செலவு குறையும். ஒருவர் மட்டும் மாதம் நான்கு பதக்கம் செய்வதற்கு அது வீண்.

இப்போது கருமையைப் பற்றி. இதில்தான் இரங்கூன் வெள்ளி நமக்குச் சொல்லித்தரவேண்டியது மிகுதி.

பர்மிய வெள்ளிக் கிண்ணத்தை நேரில் பார்த்தவர்கள் அறிவர்: தகட்டை அடித்துக் கிண்ணமாக்கி, உள்ளே அரக்கை நிரப்பி, வெளிப்புறத்திலிருந்து உளியால் தட்டித் தட்டி, சாதகக் கதைகளும் இராமாயணக் காட்சிகளும் புடைத்து எழுமாறு செய்த வேலை அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரங்கூனில் மாங் ஷ்வே யோன் என்னும் கொல்லரின் பட்டறை பெரும்புகழ் பெற்றிருந்தது. 1902-03இல் தில்லித் தர்பாரையொட்டி நடைபெற்ற கலைக் கண்காட்சியில் இரங்கூனைச் சேர்ந்த மாங் யின் மாங் பரிசு பெற்றார். ஹாரி டில்லி என்ற ஆங்கில அதிகாரி பர்மிய வெள்ளி வேலையைப் பற்றித் தனி நூலே எழுதி 1902இல் வெளியிட்டார். இன்றும் யாங்கோனின் போஜோக் ஆங் சான் சந்தையிலும் (1926இல் கட்டப்பட்ட ஸ்காட் மார்க்கெட்தான் அது), சகாயிங்கை அடுத்த யுவாதாங் சிற்றூரிலும் அவ்வேலையின் தொடர்ச்சியைக் காணலாம். இக்கிண்ணங்களில் உருவங்கள் உயிர்பெற்று நிற்பதற்குக் காரணம் ஒளி மட்டுமன்று. உருவங்களுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் தங்கிய கருமையே அவற்றை முன்னே தள்ளிக் காட்டுகிறது. கருமையை அகற்றினால் அரசனும் குதிரையும் மரமும் ஒரே வெள்ளைப் பரப்பாகிவிடும்.

1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது குண்டு விழுந்தபின் கால்நடையாக அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் வந்தவர்கள், சுமக்க முடிந்ததை மட்டுமே கொண்டுவந்தனர். 1964இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டு, அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்களும் செல்லாதவையாக்கப்பட்டபின் கப்பலேறியவர்கள், நகைகளைச் சுங்கத்தில் கழற்றி வைத்துவிட்டு வர நேர்ந்தது. அவற்றையெல்லாம் கடந்து ஒரு வெள்ளிக் கிண்ணமோ, வெற்றிலைச் செல்லமோ, இடுப்புச் சங்கிலியோ ஒரு குடும்பத்தில் எஞ்சியிருக்குமாயின் அது எடைக்கு மதிப்பிடத்தக்க பண்டமன்று. அதற்கு நேரக்கூடிய பெருங்கேடு களவன்று. பொங்கலுக்கு முந்தைய நாள் பற்பொடியும் சாம்பலும் வைத்துத் தேய்க்கும் நம் கைகளே. ஆண்டுதோறும் தேய்க்கத் தேய்க்க முதலில் மூக்கு மறையும், பிறகு விரல்கள், பிறகு அடியில் பொறித்த கொல்லனின் குறி. அக்குறி போனபின் அது எந்தப் பட்டறையில் பிறந்தது என்று கூற எவராலும் இயலாது. அலுமினியத் தாளை விரித்துச் சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றி வெள்ளியை அமிழ்த்தும் முறை இப்போது பரவிவருகிறது. வெள்ளி தேயாமல் கருமை நீங்கும் என்பது மெய்யே. வேலைப்பாடற்ற கரண்டிக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது ஏற்றது. புடைப்பு வேலையுள்ள கிண்ணத்துக்கு அது ஆகாது. வேண்டிய கருமை, வேண்டாத கருமை என்று அந்நீருக்குத் தெரியாது. அத்தகைய கிண்ணத்தை வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் உயர்ந்த இடங்களை மட்டும் துடையுங்கள். திருநீறு கொண்டே துடைப்பது வழக்கம் எனின் அதனைத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

பழங்கிண்ணத்தில் காலம் செய்ததைப் புதுப்பதக்கத்தில் நாமே செய்துகொள்ளலாம். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். கடைகளில் லிவர் ஆஃப் சல்பர் என்ற பெயரில் கிடைக்கும் கட்டியில் கடலை அளவு எடுத்து ஒரு குவளை வெந்நீரில் கரைத்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவிய பதக்கத்தைச் சாமணத்தால் பிடித்து நனைத்து நனைத்து எடுத்தால், முதலில் பொன்னிறமும் பிறகு செம்பு நிறமும் நீலமும் இறுதியில் கருஞ்சாம்பல் நிறமும் வரும். வேண்டிய நிறத்தில் குளிர்ந்த நீரில் போட்டு நிறுத்திவிடலாம். ஆனால் இதனை வீட்டினுள் செய்தல் கூடாது. திண்ணையிலோ மொட்டைமாடியிலோ காற்றோட்டத்தில் செய்யுங்கள். சோறு சமைக்கும் பாத்திரம் எதனையும் இதற்கு எடுக்காதீர்கள். எல்லாவற்றிலும் முதன்மையாக, இந்த நீரில் புளி, எலுமிச்சை, காடி முதலிய புளிப்புப் பொருள் ஒரு துளியும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயு எழும். மூடிய அறையில் அது உயிருக்கே ஊறு செய்யும். வெள்ளி என்றதும் புளியைத் தேடும் கை நம்முடையது. ஆதலால்தான் அழுத்திக் கூறுகிறோம்.

சிறுவர் உள்ள வீட்டார் இக்கட்டியை வாங்காமலே விடலாம். கோழிமுட்டை போதும். முட்டையை நன்றாக வேகவைத்து, சூடு ஆறுமுன் ஓட்டோடு இரண்டாகப் பிளந்து, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பதக்கத்தை முட்டையில் படாமல் ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு அதனுள்ளே வைத்து மூடுங்கள். மஞ்சட்கருவிலிருந்து எழும் கந்தக ஆவி சில மணி நேரத்தில் பழுப்பும் கருமையுமாக நிறம் ஏற்றிவிடும். அரைமணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த முட்டையைப் பின்னர் உண்ண வேண்டாம் என்று சொல்லவும் வேண்டுமோ? கறுத்தபின், 2000 எண் தாளை விரலில் சுற்றி, உயர்ந்த இடங்களை மட்டும் மெல்லத் தேய்த்து ஒளியை மீட்டுக்கொள்ளுங்கள். விரலில் நேரே சுற்றாமல் ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றினால் தாள் பள்ளத்துள் இறங்காது.

கல் பதிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், பர்மா என்றாலே கல் நினைவுக்கு வருவதால். ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய சிவப்புக்கல்லும் நீலக்கல்லும் பொதுவாகச் சூளை வெப்பத்தைத் தாங்கும். மொகோக் மண்ணில் பிறந்த இயற்கைக் கல்லில் உள்ளே கீற்றும் கலப்பும் இருப்பதால் அது வெடிக்கக்கூடும். ஃபாகாந்த் பச்சைக்கல், ஹூகாங் பள்ளத்தாக்கு அம்பர், மெர்குயித் தீவுகளின் முத்து ஆகிய மூன்றையும் எக்காரணத்தாலும் களியோடு சுடலாகாது. அம்பர் மரப்பிசின், எரிந்தே போகும். இவற்றை மெருகும் கருமையும் எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் பதிக்க வேண்டும். முத்தும் அம்பரும் பதித்த பண்டத்தைப் புளிநீரிலோ சோடா நீரிலோ கந்தக நீரிலோ மீண்டும் நனைக்கக் கூடாது. கல்லோடு சுட்ட பண்டத்தைச் சூடாக இருக்கும்போதே நீரில் போடுவதும் ஆகாது, தானே ஆறவிடுங்கள்.

தேய்த்த நீரைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். பொற்கொல்லர் தெருக்களில் குப்பையை அரித்தே வயிறு வளர்த்தவர்கள் உண்டு. அவர்கள் அறிந்ததை நாமும் அறியவேண்டும். வெள்ளிக்களியின் விலை அதே எடைத் தகட்டு வெள்ளியின் விலையைவிட மிகுதி. கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்துத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை உலர்த்தி ஒரு சீசாவில் போட்டுவையுங்கள். உடைந்த துண்டுகளைத் தனியாக வைத்துத் தட்டாரிடம் கொடுக்கும்போது இது 999 தூய வெள்ளி என்று முதலிலேயே சொல்லி, உரைத்துப் பார்த்து விலை கூறுமாறு கேளுங்கள். ரூபாய் வெள்ளியின் விலைக்கு அதனை விட்டுவிட வேண்டியதில்லை. அதுபோலவே நீங்கள் விற்கும்போதும் 925 என்று எழுதிவைக்காதீர்கள். 925 செம்பு கலந்த வன்மையான வெள்ளி. உங்களுடையது அதனினும் தூயது, அதனினும் மெதுவானது. நாள்தோறும் பாத்திரம் துலக்கும் கையில் அணியும் மோதிரத்துக்கு அது ஏற்றதன்று என்பதையும் வாங்குவோரிடம் சொல்லிவிடுவது முறை. காதணிக்கும் பதக்கத்துக்கும் அக்கவலை இல்லை.

முடித்த பண்டத்தை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத சிறு உறையில் இட்டு, ஈரத்தை உறிஞ்ச ஒரு சுண்ணக்கட்டித் துண்டையும் உடன் வையுங்கள். ரப்பர் வளையத்தால் கட்டவேண்டாம். அதிலுள்ள கந்தகம் இரண்டு மழைக்காலத்துக்குள் கறுப்புக் கோடு போட்டுவிடும். செய்தித்தாளில் சுற்றுவதும் வேண்டாம், அது நமது இதழேயாயினும். பழைய வேட்டித் துணி நன்று.

அடுத்த கிழமை: வெள்ளிக்களிக் காதணிகளுக்குக் கொக்கியும் வளையமும் பொருத்தும் முறை. பொடி வைத்துப் பற்றவைக்கும் வசதி இல்லாத வீட்டார்க்கும் ஏற்ற வழி ஒன்றைக் கூறுவோம்.